ஐநூறு மில்லி

பிப்ரவரி 9, வியாழன்

தண்ணீர் ஆபீஸ் எஞ்சினியர் ஏ.இ. சார் சொன்னதால் எழுதுகிறேன். "சும்மா வந்து மஞ்சளா வருது, நாத்தம் அடிக்குதுன்னா எப்படிம்மா? எந்தத் தேதி, எத்தினி மணி, எவ்ளோ நேரம், எல்லாம் எழுதிக்கினு வா. அப்பதான் நான் மேல அனுப்ப முடியும்" என்றார். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன். தப்பு இருக்கும்.

புது நோட்டு வாங்கவில்லை. என் வீட்டுக்காரருக்காக எழுதிக்கொண்டிருந்த நோட்டில் கொஞ்சம் பக்கம் மிச்சம் இருக்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் அவருடையது. அது அப்படியே இருக்கட்டும்.

இன்றைக்குத் தண்ணீர் காலை 5.40க்கு வந்தது. முதல் கால் மணி நேரம் மஞ்சள், நுரை. புது ரெக்ஸின் பை வாசனை. அப்புறம் தெளிந்தது. 6.50க்கு நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது.

பிப்ரவரி 11

5.30. மஞ்சள். ஒன்றுவிட்டு ஒருநாள்தான் விடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். மூன்று வாரமாக யாரும் சரியாகப் பெருக்கவில்லை, பெஞ்சுக்கு அடியில் எல்லாம் பென்சில் சீவல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் ஜன்னல் ஓரம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மிஸ் பார்த்துவிட்டு என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 13, திங்கள்

5.35. மஞ்சள் பத்து நிமிடம்தான். நுரை அதிகம்.

நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்று நாளைக்கு எழுதிவிட்டு வந்து நிற்கிறாயே, ஒரு மாசத்துக்கு எழுது என்றார் ஏ.இ. சார். அவர் மேசையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். பாட்டிலை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் சங்கவி அப்பா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். படத்துக்கு முன்னால் விளக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்திருக்கிறேன். காரியத்தோடு தண்ணீரை எடுத்துவிடலாம் என்று சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. தினமும் காலையில் பழையதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுசாக வைக்கிறேன். கேன் தண்ணீர்.

"இருந்த வரிக்கும் பைப்பு தண்ணி. போனப்புறம் கேன் தண்ணியா?" என்றாள்.

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன். அவள் விடவில்லை. "ஒரு வாய் தண்ணி, ஒரு வாய் தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தாரு. மூடியில அளந்து அளந்து ஊத்துன. இப்ப டம்ளர் நெறைய வெக்கிற."

துணிக்கடையில் வேலை அவளுக்கு. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டும். களைப்பில் பேசுகிறாள். சோறு போட்டேன். சாப்பிட்டாள்.

பிப்ரவரி 19

சங்கவி சொன்னது ஆறு நாளாக அறுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த நோட்டை யாராவது பெரியவர்கள் படிப்பார்கள் என்றால் மூடி விஷயத்தையும் எழுதிவிட வேண்டும்.

அவர் பெயர் ஏகாம்பரம். லேத் பட்டறையில் வேலை. எருக்கம்மேடு ஹவுசிங் போர்டு ஐந்தாவது பிளாக்கில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறோம். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்பில் கல்லடைப்பு வலி வந்தது. கிளினிக் டாக்டர், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று சொன்னார். வீட்டில் ஒரு பச்சை பாட்டில் உண்டு, ஒரு லிட்டர் பிடிக்கும். சீரகம் போட்டு, கால் பாகம் சுண்டக் கொதிக்கவைத்து, ஆற்றி, அதில் ஊற்றித் தருவேன். மூன்று பாட்டில். பட்டறைக்கும் கொடுத்து அனுப்புவேன். மிச்சம் வைத்துக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திக் குடிக்க வைப்பேன். "வாத்தை வளக்கறாப்ல வளக்கிறா என்னை" என்று எதிர்வீட்டு டில்லிராணியிடம் சொல்வார்.

கல் கரைந்துவிட்டது. மூன்றரை வருஷம் கழித்துக் கால் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அப்புறம் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். இப்போது வேறு டாக்டர், வேறு பேச்சு. ஒரு நாளைக்கு ஐநூறு மில்லிதான். டீ, ரசம், கஞ்சி எல்லாம் அதற்குள்ளேயே. கூடப் போனால் நுரையீரலில் நீர் கட்டிக்கொள்ளும். அங்கே ஜெபசீலி சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்து, ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் போட்டுத் தந்தார். உள்ளே போனது. வெளியே போனது. அளக்க ஒரு மருந்து மூடி, ஐம்பது மில்லி. ஒன்று விடாமல் எழுதுங்கள், எழுதாமல் விட்டால் எங்களை ஏமாற்றுவதில்லை, அவரை ஏமாற்றுவது என்றார். ஒன்றும் வெளியே போகாத நாளில் கோடு போடச் சொன்னார். கடைசி நாலு மாதம் அந்தக் கட்டத்தில் வரிசையாகக் கோடுதான்.

முதலில் குடி குடி என்று நின்றேன். பிறகு குடிக்காதே என்று நின்றேன். இரண்டும் நானாகச் செய்ததில்லை.

ஜனவரி 23 திங்கள் விடியற்காலை மூச்சு வாங்கியது. ஆட்டோவில் போகும்போதே போய்விட்டார்.

பிப்ரவரி 21

மஞ்சள்.

பிப்ரவரி 23

மஞ்சள். கேஸ் தீர்ந்துபோனது. டில்லிராணி அடுப்பில் சோறு வடித்தேன்.

மார்ச் 3, வெள்ளி

மாதிரி எடுக்க ஆள் அனுப்பினார்கள். நான் எழுதி எழுதிக் காட்டியதற்குப் பலன் என்று பிளாக் முழுக்கச் சந்தோஷம். வேலாயுதம் என்று பெயர், காக்கிப் பை, பனிப்பெட்டி, நாலு பாட்டில். காலை 5.30க்கே வந்துவிட்டார் பாவம். டீ போட்டுக் கொடுத்தோம். டில்லிராணி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

கொஞ்ச நேரம் பைப்பைத் திறந்து விடுங்கள், அப்புறம் பிடிக்கிறேன் என்றார். நாங்கள் எப்போதும் முதல் தண்ணீரைப் பாத்திரம் கழுவவும் கக்கூஸுக்கும் விட்டுவிடுவோம். தெளிந்த பிறகுதான் குடிக்கப் பிடிப்போம். அப்படியே இருபது நிமிடம் விட்டோம். வந்தவர் கையில் முதல் தண்ணீரையா கொடுப்பது? பைப்பு வாயைக்கூட நான் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கே என்றார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்து டில்லிராணி வாசலில் வந்து நின்றாள்.

"பூஷணக்கா. பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு பவுடர் போட்டுக் காட்டுறாப்ல தண்ணியக் காட்டி அனுப்பிட்டமே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஓடினேன். அவர் வண்டி போய்விட்டது.

மார்ச் 4

ஆபீஸுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், முதல் தண்ணீரைத் தருகிறேன் என்றேன். பைப்பைத் திறந்து விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறதாம். நாங்கள் தப்புச் செய்யவே இல்லையாம். விதிப்படிதான் செய்திருக்கிறோமாம்.

மார்ச் 20, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. பதிமூன்று வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரு லிமிட், ஒரு அளவு. எல்லாம் லிமிட்டுக்குள். கீழே சீல். குடிக்க உகந்தது.

சீல் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். மை இன்னும் ஒட்டுகிறது.

மார்ச் 21

தண்ணீர் வந்ததா என்று பார்க்கவில்லை. சங்கவிதான் பிடித்தாள்.

மார்ச் 29

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி பிளாக் பிளாக்காகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் நஸ்ரின். மெடிக்கல் காலேஜில் மேல்படிப்புப் படிக்கிறவர். எங்கள் பக்கத்திலிருந்து டயாலிசிஸுக்கு நிறையப் பேர் வருகிறார்களே என்று கணக்கெடுக்க வந்திருக்கிறார். ஐந்து பிளாக்கில் எங்கள் வீட்டுக்காரரோடு சேர்த்துப் பதினொரு பேர். நாலு பேர் இப்போது இல்லை. எனக்கு ஆறு பேரைத்தான் தெரிந்திருந்தது. மீதிப் பேர் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருக்கிறதே.

வீட்டுக்குக் கூட்டிவந்து ரிப்போர்ட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, இந்தப் பதிமூன்றும் சரியாகத்தான் இருக்கும் அம்மா, பதிநான்காவதாக ஒன்று இருந்தால் இதில் தெரியாது என்றார்.

குடிக்கத் தண்ணீர் தரட்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர் கேட்காமல் அனுப்பியது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 6

டாக்டர் நஸ்ரின் தானே வந்து தண்ணீர் பிடித்தார். முதல் தண்ணீர் இரண்டு பாட்டில், தெளிந்தது இரண்டு பாட்டில். வெளியூருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டுமாம், இங்கே அந்த மெஷின் எல்லோரிடமும் இல்லையாம். டில்லிராணி பைப்பு பக்கத்தில் காவலுக்கு நின்றாள், யாரும் தேய்த்துவிடக் கூடாது என்று. என்னைத்தான் சொல்கிறாள்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. தெருமுனையில் கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள். எங்கள் பைப்பில்தான் டிரம் நிரப்பினார்கள். வேண்டாம் என்று சொன்னேன். மோர் ஊத்தினா எல்லாம் சரியாப்பூடும் ஆயா என்றார்கள்.

ஏப்ரல் 26, புதன்

டாக்டர் போன் செய்து வரச் சொன்னார். ரிப்போர்ட் வந்துவிட்டது.

ஒரு கெமிக்கல் இருக்கிறதாம். பெயர் எழுதிக் கொடுத்தார், இங்கிலீஷ். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கப் பூசுவார்களே, மழைக்கோட்டில் தண்ணீர் ஒட்டாமல் இருக்க, அந்த மாதிரி வேலைக்குப் பயன்படுகிற சாமானாம். மஞ்சள் தண்ணீரிலும் இருக்கிறது. தெளிந்த தண்ணீரிலும் அதே அளவு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. நாங்கள் மோந்ததும் வழியவிட்டதும் வேறு எதையோ. வேலாயுதத்துக்கு எந்தத் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் ஒன்றுதான்.

இதனால்தான் அவருக்குக் கிட்னி போனதா என்று கேட்டேன்.

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. தண்ணியில இது இருக்குன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

"நான் கொதிக்க வெச்சுத்தான் மேடம் குடுத்தேன். ஒரு நாள் கூடப் பச்சத் தண்ணி குடுத்ததில்ல."

அவர் ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "கிருமியா இருந்தா கொதிக்க வெச்சா சாகும். இது கிருமி இல்லம்மா, சாகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் குறையும். இது அப்படியே நிக்கும்."

அதற்கப்புறமும் பேசினார். எனக்குக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து கொதிக்க வைக்கிற பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தேன். அடிக்கருப்பு போகவில்லை. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஏப்ரல் 27

பச்சை பாட்டிலைத் தேடினேன். சங்கவி துணி ஊறவைக்கிற சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாள்.

மே 2, செவ்வாய்

ரிப்போர்ட்டோடு ஏ.இ. சாரிடம் போனேன். டில்லிராணியும் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் ஒரு மாசமாகக் காலையில் முகம் வீங்குகிறது. இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துகொண்டு இருக்கிறார்.

சார் படித்தார். இரண்டு தடவை படித்தார். பேனாவால் ஒரு கட்டத்தைத் தட்டிக் காட்டினார். லிமிட் என்று போட்ட கட்டம். அதில் வெறும் கோடு.

"இதுக்கு லிமிட்டே இன்னும் போடலம்மா. லிமிட் இல்லாததுக்கு லிமிட்டைத் தாண்டிடிச்சின்னு நான் எப்படி எழுதறது?"

"லிமிட் இல்லன்னா எவ்ளோ வேணா குடிக்கலாமா சார்?"

"அப்படியும் நான் எழுத முடியாது."

"அப்ப இன்னாதான் எழுதுவீங்க?"

"தகவல் பெறப்பட்டதுன்னு எழுதலாம்."

டில்லிராணிக்குக் கோபம் வந்துவிட்டது. மேசைக்குக் கீழே இருக்கிற பாட்டிலுக்கு மட்டும் லிமிட் போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. களைத்துப்போன முகம். நான் பி.இ. படிச்சது பைப்பு போடறதுக்கு, இதெல்லாம் எனக்கும் மேல, அவங்களுக்கும் மேல, டெல்லியில முடிவு பண்றது என்றார்.

நான் வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். "எங்க வீட்டுக்காரருக்கு ஐநூறு மில்லி லிமிட் போட்டாங்க சார். ஒரு சொட்டு தாண்டாம பதினாலு மாசம் இருந்தாரு. மனுசனுக்கு லிமிட் போடத் தெரியுது. தண்ணிக்கு போடத் தெரியலியா?"

ஒரு சொட்டு தாண்டாமல் என்று எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மே 8, திங்கள்

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். வரிசையில் மூன்று மணி நேரம். நம்பர் போட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள்.

மே 12

போனில் மெசேஜ். உங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது. உரிய அலுவலர் யார் என்று சங்கவியைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். நம்ம ஏ.இ. சார்தான்.

மே 15, திங்கள்

டாக்டர் நஸ்ரின் வீட்டுக்கு வந்தார். அவர் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு குழு வரப்போகிறதாம். ஜூன் மாதம். பதினொரு பேரின் காகிதங்களைப் பார்ப்பார்களாம். திருப்தி என்றால் ஐந்து பிளாக்கிலும் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கவும், அதுவரைக்கும் லாரித் தண்ணீர் விடவும் எழுதுவார்களாம். அதை வைத்து லிமிட் போடச் சொல்லியும் கேட்க முடியுமாம். ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதம் பாதிப் பேருக்கு இல்லை. இருப்பதும் அரைகுறை.

"டயாலிசிஸ் சிஸ்டர் சொன்னாங்க, நீங்க தினம் எழுதி வெச்சிருக்கீங்களாமே" என்றார்.

கொடுத்தேன். முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பதினாலு மாசம். தேதி, மூடிக் கணக்கு, கூட்டல். முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நாள்கூட ஐநூறைத் தாண்டவில்லையே அம்மா, இப்படிப் பார்த்துக்கொண்டவரை வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்று எவனும் சொல்ல முடியாது, பதினொரு வீட்டுக்கும் இந்த நோட்டுதான் தூண் என்றார். இன்றைக்கே எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார்.

பின்பக்கம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு வாரம் கழித்துத் தருகிறேன் என்றேன்.

மே 16

5.40. மஞ்சள்.

மே 18

மஞ்சள். டாக்டர் போன் செய்தார். எடுக்கவில்லை.

மே 20

டில்லிராணி வீட்டுக்காரர் ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது நாலு இருக்கிறதாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்களா, குறைக்கச் சொன்னார்களா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "நோட்டைக் குடுத்துட்டியாக்கா?" என்று கேட்டாள். நாளைக்கு என்றேன்.

மே 22, திங்கள்

பக்கம் தீர்ந்துவிட்டது. பின்னாலிருந்து எழுதிக்கொண்டே வந்ததில் அவருடைய கடைசிப் பக்கம் எதிரில் வந்து நிற்கிறது. அது தலைகீழாகத் தெரிகிறது. நோட்டைத் திருப்பிப் படித்தேன். ஜனவரி 22, ஞாயிறு. காலை டீ 100. கஞ்சி 150. மாத்திரைக்கு 50. ரசம் 100. மாலை 50. மொத்தம் 450. வெளியே போனது, கோடு.

அதில் மாலை 50 என்பது பொய்.

அன்றைக்குச் சங்கவிக்குக் கடையில் லீவு இல்லை. நாலு மணி இருக்கும். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. வாய் கொப்பளிக்கிறேன் என்று ஏமாற்றி விழுங்குவார், ஈரத் துணியைச் சப்புவார், எல்லாம் பார்த்திருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் ஏமாற்றவில்லை. மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரே ஒரு தபா, பூஷணம். சொம்புல. அண்ணாந்து குடிக்கிறேன். மனுசன் மாதிரி."

நான் எழுந்து போய்ப் பானையில் மொண்டேன். கொதிக்க வைத்து ஆற்றிய பைப்புத் தண்ணீர். சொம்பு நிறைய. கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டு சட்டையில் சிந்தவில்லை. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. நான் தடுக்கவில்லை. பாதியில் நிறுத்தச் சொல்லவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் நோட்டை எடுத்து 50 என்று எழுதினேன்.

மறுநாள் விடியற்காலை மூச்சு வாங்கியது.

நாலு மாசமாக சங்கவி என்னைப் பேசுகிறாள், ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவள் என்று. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கொடுத்தவள் என்று சொல்வதற்கு அது பரவாயில்லை.

பதினொரு வீடும், டில்லிராணி புருஷனும் இந்த நோட்டில் தொங்குகிறார்கள். 50 அப்படியே இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் லிஸ்ட்டில் இல்லை, அதனால் தண்ணீரில் இல்லை என்று அவர்கள் எழுதியபோது எனக்கு வயிறு எரிந்தது. அதையேதான் நானும் எழுதியிருக்கிறேன்.

காலையில் அந்தச் சொம்பில் தண்ணீர் நிரப்பி, மூடியால் மொண்டு மொண்டு அளந்தேன். பதினெட்டு மூடி. 50ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 900 என்று எழுதினேன். கூட்டலையும் மாற்றினேன். 1300. பக்கத்தில் என் கையெழுத்து.

மே 24

(குழு வரும் வரைக்கும் நோட்டு என்னிடமே இருக்கட்டும் என்றார் டாக்டர். தைத்த இடத்தில் ஒரு தாள் ஒட்டி எழுதுகிறேன்.)

டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை நானே எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். எனக்குத் தெரியும் மேடம் என்றேன்.

அதனால்தான் செத்தாரா என்று கேட்டேன். கேட்கவேண்டும் என்றுதான் பஸ்ஸில் போகும்போது முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

தண்ணீருக்கும் இதையேதான் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை படித்து, இத்தனை மெஷின் வைத்து, ஒருத்தராவது இதுதான் என்று ஒன்றைச் சொல்லக் கூடாதா?

ஜூன் 5, திங்கள்

குழு வந்தது. நாலு பேர், இரண்டு கார். டில்லிராணியிடம் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

நோட்டைக் கையில் எடுத்தவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். சொம்பு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார். எப்படி அளந்தாய் என்று கேட்டார். ஏன் கொடுத்தாய் என்று கேட்டார். கால் மணி நேரம் சொம்பைப் பற்றியே பேச்சு. நோயாளி கட்டுப்பாட்டை மீறியதாகத் தெரிகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்டது. டாக்டர் நஸ்ரின் எழுந்து ஏதோ இங்கிலீஷில் சொன்னார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

கடைசியில் ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொம்பில் இருந்தது எந்தத் தண்ணீர் என்று கேட்டார். பைப்புத் தண்ணீர் என்றேன். முன்னால் குடித்த மூன்று லிட்டர் எந்தத் தண்ணீர் என்று கேட்டார். அதுவும் பைப்புத் தண்ணீர் என்றேன். எத்தனை வருஷம் என்றார். மூன்றரை என்றேன். அவர் மட்டும் அதை எழுதிக்கொண்டார். இதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

மேற்கொண்டு ஆய்வு தேவை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் லாரி விடச் சொல்லியிருக்கிறார்கள். லாரித் தண்ணீர் எங்கே பிடிப்பது என்று டிரைவரைக் கேட்டேன். தெரியாது என்றான்.

நோட்டின் எல்லாப் பக்கத்துக்கும் நகல் வேண்டுமாம்.

ஜூன் 6, செவ்வாய்

சங்கவிதான் வேலைக்குப் போகும் வழியில் நோட்டை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனாள். பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. பிடுங்கவில்லை.

வேலைக்குப் போகாமல் அரை மணியில் திரும்பி வந்துவிட்டாள். நோட்டை மேசைமேல் வைத்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஆய ஆரம்பித்தாள். ஒரு கட்டு முழுக்க ஆய்ந்து முடித்தோம். அப்புறம் எழுந்து போய், படத்துக்கு முன்னால் இருந்த டம்ளரை எடுத்துவிட்டு, சொம்பைக் கழுவி, கேனிலிருந்து நிறையப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

திரும்பாமல் கேட்டாள். "குடிச்சிட்டு இன்னா சொன்னாரு அப்பா?"

இதை மட்டும் நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. குடித்து முடித்து, சொம்பைத் தரையில் கவிழ்த்து வைத்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தண்ணி நல்லா இருக்குது பூஷணம், அப்டின்னாரு" என்றேன்.